குடல் அழற்சி நோய் உள்ளவருக்கு ஃபெரிட்டின் 60 என்றால் இரும்புச்சத்து போதுமா?

அந்த எண்ணை மட்டும் வைத்துப் போதும் என்று சொல்லிவிட முடியாது. ஃபெரிட்டின் இரும்பின் கையிருப்பைக் காட்டும் புரதம்தான். ஆனால் உடலில் அழற்சி இருந்தால் அதுவும் ஏறிவிடும். நோய் அடங்கியிருக்கும்போது 30-க்குக் கீழே போனால் குறைபாடு என்பார்கள். இந்நோயின் வகைகளான க்ரோன்ஸோ அல்சரேட்டிவ் கொலைட்டிஸோ தீவிரமாக இருந்தால், 100 வரை காட்டினாலும் குறைபாடு இருக்கலாம். அதனால் சிஆர்பியையும் (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) டிரான்ஸ்ஃபெரின் செறிவையும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்ற அளவு) சேர்த்தே பார்க்க வேண்டும். செறிவு 20 சதவீதத்துக்குக் கீழே என்றால் சந்தேகம் வலுக்கும்.

சரி, மாத்திரை போதாதா? அழற்சியின்போது கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கும். குடல் செல்லிலிருந்து இரும்பு ரத்தத்துக்குப் போகும் வாசலை அது அடைத்துவிடும். விழுங்கியதில் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். மலமும் கறுக்கும் (ரத்தக்கசிவோ என்ற பயம் வேறு). நோய் தீவிரமாக இருந்தாலோ ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருந்தாலோ மருத்துவர்கள் பெரும்பாலும் ரத்தக்குழாய் வழியாகவே இரும்பு ஏற்றுவார்கள்.