முன்வரிசையில் நிற்கும் ஐந்து பேர்

விளையாட்டு கேள்வி–பதில்: பதில் சொல்பவர், தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்

சென்ற இதழில் அமெரிக்கன் ஃபுட்பாலின் ஆஃபென்சிவ் லைன்மேன்களைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்தே அதற்கு இத்தனை கேள்விகள் வந்திருப்பது மகிழ்ச்சி. இந்த முறை எல்லாம் அதைப் பற்றியவைதான்.

கேள்வி: கம்பெனி பஸ்ஸில் வரும்போது செல்போனில் என்.எஃப்.எல். (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) பார்க்கிறேன். முன்னால் நிற்கும் அந்த ஐந்து பெரிய உடம்புக்காரர்கள் பந்தை வாங்குவதும் இல்லை, எடுத்துக்கொண்டு ஓடுவதும் இல்லை. அவர்களுக்கு என்னதான் வேலை? – ஒரு வாசகர், ஓசூர்

பதில்: ஐவரில் நடுவில் நிற்பவர் சென்டர். கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுத்து ஒவ்வொரு ஆட்டத்தையும் (போட்டிக்குள் வரும் ஒவ்வொரு முயற்சியையும் இங்கே ஆட்டம் என்கிறேன்) தொடங்கி வைப்பவர் அவர்தான். அவருக்கு இரு பக்கமும் கார்டு, அதற்கும் வெளியே டேக்கிள். முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க இந்த ஐவருக்கும் சாதாரணமாக அனுமதி இல்லை. பந்து எறியும் ஆட்டமானால், பந்தை எறிபவரான குவார்ட்டர்பேக்குக்கு இரண்டரை, மூன்று வினாடி நேரம் வாங்கித் தர வேண்டும். ஓடும் ஆட்டமானால் எதிராளியை நகர்த்தி வழி திறக்க வேண்டும். வேலை இவ்வளவுதான். ஆனால் அதைச் செய்வது லேசுப்பட்டதில்லை.

கபடியில் கார்னரில் நிற்கும் நல்ல ஆட்டக்காரனைக் கவனித்திருப்பீர்கள். ரைடரின் முகத்தையோ கையையோ அவன் பார்ப்பதில்லை. கண் இடுப்பிலும் காலிலும்தான் இருக்கும். டேக்கிளின் பார்வையும் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், கபடியில் பிடித்தால் பாயின்ட், இங்கே பிடித்து இழுத்தால் 'ஹோல்டிங்' என்று பத்து கெஜம் பின்னால் தள்ளிவிடுவார்கள். நான்கு முயற்சியில் பத்து கெஜம் முன்னேற வேண்டிய ஆட்டத்தில் அது பெரிய தண்டனை. அதனால் உள்ளங்கையை எதிராளியின் நெஞ்சுக்கு நேரே வைத்து, பின்னால் நகர்ந்துகொண்டே தடுக்க வேண்டும். எதிரே வருபவன் முன்னோக்கி ஓடி வருகிறான், இவர் பின்னோக்கி! 136 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவர் அப்படிக் கால் மாற்றி நகர்வதை நிதானமாக ஒருமுறை பாருங்கள், பிறகு அவர்களை வெறும் உடம்புக்காரர்கள் என்று சொல்ல மாட்டீர்கள்.

பந்து நகரும் முன் கொஞ்சம் அசைந்தாலும் ஐந்து கெஜம் போச்சு. வெளியூர் மைதானத்தில் கூட்டத்தின் இரைச்சலில் குவார்ட்டர்பேக்கின் குரல் காதில் விழாது. அப்போது கார்டு பின்னால் திரும்பிப் பார்த்து, குவார்ட்டர்பேக் சைகை காட்டியதும் சென்டரைத் தட்டுவார். அதன்பின் மனதுக்குள் கணக்கு வைத்து சென்டர் பந்தைக் கொடுப்பார். இதையெல்லாம் பயிற்சியில் திரும்பத் திரும்பச் செய்து பழகுகிறார்கள்.

கேள்வி: ரன் இல்லை, கோல் இல்லை. ஒரு லைன்மேன் சிறந்தவர் என்று எதை வைத்துச் சொல்வது? – கல்லூரி மாணவர், அரூர்

பதில்: குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தவனுக்கு 'சாக்' என்று ஒரு எண் ஏறும். சாய்க்க விடாமல் தடுத்தவனுக்கு எதுவும் ஏறாது. பயிற்சியாளர்கள் வீடியோவை ஓட்டி ஓட்டித்தான் மதிப்பிடுகிறார்கள். இருந்தாலும் எனக்குப் பிடித்த ஒரு எண் உண்டு தம்பி: 10,363.

கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியின் இடது டேக்கிள் ஜோ தாமஸ், 2007-இல் சேர்ந்த நாளிலிருந்து ஒரு ஆட்டம்கூட வெளியே உட்காராமல் தொடர்ந்து ஆடியது அத்தனை முறை. 2017 அக்டோபரில் கையின் டிரைசெப்ஸ் தசை கிழிந்தபோதுதான் அது நின்றது. அந்த அணியோ தோற்றுக்கொண்டே இருந்த அணி. அவர் காலத்தில் ஒரு முறைகூட பிளேஆஃப் (சீசன் முடிவில் வரும் நாக்-அவுட் சுற்று) பார்க்கவில்லை. 2016-இல் ஒரே ஒரு வெற்றி, 2017-இல் பதினாறும் தோல்வி. அவருக்குப் பின்னால் குவார்ட்டர்பேக்குகள் வந்தார்கள், போனார்கள். அவர் அதே இடத்தில் நின்று ஒவ்வொருவரையும் ஒரே அக்கறையோடு காத்தார். முதல் பத்து சீசனும், சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ப்ரோ பவுலுக்குத் தேர்வானார். 2023-இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். பிரவுன்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்த அன்று, மற்ற இளைஞர்கள் நியூயார்க் மேடைக்குப் போயிருக்க, இவர் அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். கோப்பை வென்றவர்கள் பலர் உண்டு. என் கண்ணில் இவரே முதலாமவர்.

கேள்வி: சம்பளம் எவ்வளவு வரும்? – ஒரு வாசகர், பாலக்கோடு

பதில்: 2024-இல் டெட்ராய்ட் லயன்ஸின் பெனே சூவலுக்கு நான்கு ஆண்டுக்கு 11 கோடியே 20 லட்சம் டாலர் ஒப்பந்தம். இவர் அமெரிக்கன் சமோவா தீவில் பிறந்தவர், அப்போது வலது டேக்கிள். ஒரு காலத்தில் இடது டேக்கிளுக்குத்தான் கிராக்கி. வலது கையால் எறியும் குவார்ட்டர்பேக்குக்கு இடப்பக்கம் பின்னாலிருந்து வருபவன் தெரியாது. 1985 நவம்பர் 18 அன்று வாஷிங்டன் அணியின் குவார்ட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால், எதிரணியின் லாரன்ஸ் டெய்லர் சாய்த்ததில் முறிந்தது. அதன்பின் அவர் ஆடவே இல்லை. அணியின் வழக்கமான இடது டேக்கிள் ஜோ ஜேகோபி காயத்தால் அன்று களத்தில் இல்லை. இப்போது இரு பக்கமும் வேகமான ஆட்கள் வருவதால் இரு பக்கத்துக்கும் விலை கூடிவிட்டது. ஆனால் ஒப்பந்தத் தொகை முழுவதும் உறுதியான பணம் இல்லை. அணி நடுவில் விடுவித்தால் மீதி கைக்கு வராமலும் போகலாம்.

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு. வயதுக்கு மீறிய உயரம், எடையும் அதிகம். பள்ளியில் கேலி செய்கிறார்கள். கபடிக்குப் போனான், எடை கூடுதல் என்று சேர்க்கவில்லை. இப்போது யூடியூபில் இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "நான் லைன்மேன் ஆகப்போறேன்" என்று இன்னும் சோறு போடச் சொல்கிறான். என்ன சொல்வது ஐயா? – ஒரு தாய், ஊத்தங்கரை

பதில்: அம்மா, அந்த ஆசையைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். தன் உடம்பு எதற்கோ உதவும் என்று அவன் முதல்முறையாகக் கண்டிருக்கிறான். நான் பார்த்த பெரிய உடல்வாகுப் பிள்ளைகள் பலர் விளையாட்டு பீரியடில் மரத்தடியிலேயே நின்றார்கள். ஆண்டு விழாவில் கயிறு இழுக்கக் கடைசி ஆளாக நிறுத்துவோம், அதோடு சரி. அது எங்களைப் போன்ற ஆசிரியர்கள் மாற்ற வேண்டிய பழக்கம்.

ஜோர்டன் மைலாட்டாவின் கதையை அவனுக்குச் சொல்லுங்கள். சிட்னியில் சமோவாக் குடும்பத்தில் பிறந்து, ரக்பி லீக் ஆடிய பையன். அமெரிக்கன் ஃபுட்பாலை ஒரு நாளும் ஆடியதில்லை. 2018-இல் அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது, கடைசியான ஏழாவது சுற்றில், 233-ஆவது ஆளாக பிலடெல்பியா ஈகிள்ஸ் எடுத்தது. முதல் இரண்டு சீசனும் ஒரு போட்டியில்கூட இறங்கவில்லை. ஜெஃப் ஸ்டவுட்லண்ட் என்ற பயிற்சியாளரிடம் கால் வைப்பது முதல் கற்றார். பிறகு இடது டேக்கிள் இடத்தைப் பிடித்து, 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் (சீசனின் இறுதிப் போட்டி) வென்றார். அவரோடு பல ஆண்டு ஆடிய சென்டர் ஜேசன் கெல்சி, உதவித்தொகைகூட இல்லாமல் கல்லூரி அணிக்குள் நுழைந்தவர். 156 போட்டிகள் தொடர்ந்து தொடங்கியவர்.

அதே சமயம் உண்மையையும் சொல்ல வேண்டும். அங்கே பாதை பள்ளி, கல்லூரி, அப்புறம் ஏழு சுற்றுத் தேர்வு என்று போகிறது. ஊத்தங்கரையிலிருந்து அப்படி ஒரு பாதை இல்லை. 2017-இல் தொடங்கிய சர்வதேசத் திட்டம் ஒன்று உண்டு. அதில் எடுப்பது வேறு விளையாட்டில் ஏற்கெனவே தேறிய இளைஞர்களை. மைலாட்டா வந்ததும் அப்படித்தான். ஆகவே உங்கள் மகன் இப்போது ஒரு விளையாட்டில் தேற வேண்டும். என் யோசனை குண்டு எறிதல். எடை வரம்பு கிடையாது. வட்டத்துக்குள் கால் மாற்றும் வேகமும் இடுப்புத் திருப்பமும்தான் அங்கே முக்கியம், லைன்மேனுக்கும் அதுவே. தஜிந்தர்பால் சிங் தூரின் வீடியோவைக் காட்டுங்கள். 2023-இல் 21.77 மீட்டர் எறிந்து ஆசிய சாதனை செய்தவர். கிருஷ்ணகிரி மாவட்ட விளையாட்டு அரங்கில் போய் விசாரியுங்கள். முதலமைச்சர் கோப்பைப் போட்டியிலும் குண்டு எறிதல் இருக்கிறது.

சோறு விஷயத்தில் கறாராக இருங்கள். அங்கே எடை கூட்டுவது பயிற்சியாளர்கள் மேற்பார்வையில். ஜோ தாமஸே ஓய்வு பெற்றதும் இருபது கிலோவுக்கு மேல் குறைத்தார். வளரும் பையனுக்குக் களி, கீரை, கடலை, முட்டை போதும். எடை கூட்டுவதற்கென்று எதுவும் வேண்டாம், கடையில் விற்கும் பவுடரும் வேண்டாம். அரசு மருத்துவமனையில் ஒருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்துவிடுங்கள்.

இந்த விளையாட்டின் கெட்ட பக்கமும் அவனுக்குத் தெரியட்டும். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியில் நான்கு சூப்பர் பவுல் வென்ற சென்டர் மைக் வெப்ஸ்டர் 2002-இல் ஐம்பது வயதில் இறந்தார். அவர் மூளையை ஆராய்ந்த டாக்டர் பென்னட் ஒமாலு, திரும்பத் திரும்பத் தலையில் பட்ட அடியால் வந்த சேதத்தைக் கண்டறிந்தார். தலையில் அடிபடுவது பற்றிய விதிகள் பல அதற்குப் பிறகுதான் கடுமையாயின. லைன்மேனுக்கு அடி ஒவ்வொரு ஆட்டத்திலும் உண்டு.

படிப்பை விடுகிறேன் என்று சொன்னால் லோரன் டுவெர்னே-டார்டிஃபைக் காட்டுங்கள். கான்சஸ் சிட்டி சீஃப்ஸின் கார்டாக இருந்துகொண்டே 2018-இல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். 2020 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வென்றார். கொரோனா வந்ததும் கியூபெக்கில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குப் போனார், அந்த ஆண்டு சீசனையே விட்டுவிட்டார்.

கேலி செய்பவர்களைப் பற்றி வகுப்பாசிரியரிடமும் பி.டி. ஆசிரியரிடமும் நேரில் பேசுங்கள். பையனை அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள்.

கேள்வி: புதிதாகப் பார்ப்பவர்கள் எப்போது, எதைப் பார்க்க வேண்டும்? – ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: செப்டம்பரில் சீசன் தொடங்கும். ஞாயிறு போட்டிகள் நம் நேரப்படி இரவு 10.30-க்கு, நவம்பரிலிருந்து 11.30-க்கு. சூப்பர் பவுல் பிப்ரவரியில் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு. பந்து நகர்ந்த முதல் இரண்டு வினாடி பந்தைப் பார்க்காதீர்கள். இடது ஓரத்தில் நிற்கும் டேக்கிளின் கால்களை மட்டும் பாருங்கள், பிறகு ரீப்ளேயில் பந்து எங்கே போனது என்று தெரிந்துகொள்ளலாம்.