முகவரியில் புள்ளி 5 எப்படி வந்தது?

கேள்வி: ஒரு பயனருக்கு ஒரே ப்ரொஃபைல்தான் என்பதால் ரெயில்ஸில் (வலைச் செயலி எழுதும் ஃபிரேம்வொர்க்), முகவரிகளை வரையறுக்கும் ரூட்ஸ் கோப்பில் ஒருமையில் ‘ரிசோர்ஸ்’ என்று எழுதினேன். புதுப் படிவத்தைத் திறந்தால் ‘ப்ரொஃபைல்ஸ்_பாத்’ என்ற மெத்தட் இல்லை என்கிறது. அப்படி ஒரு பெயரை நான் எங்கும் எழுதவே இல்லை. திருத்தும் படிவம் திறக்கிறது, ஆனால் சேமிக்கும்போது பிழை.

பதில்: எழுதியது நீங்கள் அல்ல, படிவத்தை உருவாக்கும் ‘ஃபார்ம்_வித்’. மாடலை (ப்ரொஃபைல் பதிவை) மட்டும் கொடுத்தால் அதன் பெயரை வைத்தே முகவரியை அது ஊகித்துக்கொள்ளும்: இன்னும் சேமிக்காத பதிவுக்குப் பன்மை ஹெல்பர் (முகவரியைத் தரும் மெத்தட்), சேமித்ததற்கு ஒருமை. ஒருமை ரிசோர்ஸில் பட்டியல் பக்கமே கிடையாது, அதனால் பன்மை ஹெல்பரும் உருவாகாது.

திருத்தும் படிவத்தில் நடப்பது இன்னும் விஷமம். பிரவுசரில் வியூ சோர்ஸ் எடுத்து ஃபார்மின் ஆக்‌ஷனைப் பாருங்கள், ‘/ப்ரொஃபைல்.5’ என்று இருக்கும். இந்த ரூட்டில் ஐடிக்கு இடமில்லை. காலியாக இருப்பது புள்ளிக்குப் பின் வரும் ஃபார்மேட் (பதில் எந்த வடிவில் வேண்டும் என்பது) ஒன்றுதான், ஐடியை அங்கே செருகிவிடுகிறது ரெயில்ஸ். ஜேசன் கேட்பதுபோல ‘5’ என்றொரு ஃபார்மேட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்!

மாடலை அப்படியே விட்டு, கூடவே யூஆர்எல் ஆப்ஷனில் ‘ப்ரொஃபைல்_பாத்’ என்று கொடுங்கள். அதற்குள் எதையும் போட வேண்டாம். புதிதாகச் சேர்க்கும் போஸ்ட்டா, திருத்தும் பேட்ச்சா என்பதை மாடலைப் பார்த்துப் படிவமே முடிவு செய்யும். பல படிவங்களில் இதே தொல்லை என்றால், இந்த மாடலுக்கு எந்த முகவரி என்று சொல்லிவைக்கும், ரெயில்ஸ் 5.1 பதிப்பில் வந்த ‘ரிசால்வ்’ வரியை ரூட்ஸில் ஒருமுறை எழுதினால் போதும். ஆனால் ‘ப்ரொஃபைல்_பாத்’துக்குள் நீங்களே பதிவைப் போட்டு எழுதிய லிங்க்குகளை அது காப்பாற்றாது, தேடித் திருத்த வேண்டியதுதான். கன்ட்ரோலர் பெயர் மட்டும் பன்மையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: ‘நியூஸ்’ ரிசோர்ஸுக்கு ‘நியூஸ்_பாத்’ என்று எழுதினால் பட்டியல் பக்கத்துக்குப் போகாமல் ஐடி இல்லை என்று பிழை வருகிறது.

பதில்: ஒருமையும் பன்மையும் ஒரே சொல்லாக இருப்பதால், பட்டியலுக்கு ‘நியூஸ்_இண்டெக்ஸ்_பாத்’ என்று பெயர் வைத்திருக்கும். ‘நியூஸ்_பாத்’ தனிச் செய்திக்கானது. பெயரை ஊகிக்காதீர்கள், டெர்மினலில் ‘ரெயில்ஸ் ரூட்ஸ்’ ஓட்டி முதல் நெடுவரிசையைப் பாருங்கள்.

கேள்வி: பக்கத்தில் சரியாக வேலை செய்யும் லிங்க், மெயிலில் மட்டும் எங்கும் போக மாட்டேன் என்கிறது.

பதில்: ‘_பாத்’ தருவது டொமைன் இல்லாத பாதி முகவரி. பக்கத்தில் மீதியை பிரவுசர் நிரப்பிவிடும், மெயிலில் நிரப்ப ஆளில்லை. ‘_யூஆர்எல்’ என்று மாற்றுங்கள். உடனே ஹோஸ்ட் இல்லை என்று பிழை வரலாம், மெயிலருக்குப் பின்னால் ரிக்வெஸ்ட் எதுவும் இல்லையே. ஆக்‌ஷன் மெயிலரின் ‘டிஃபால்ட்_யூஆர்எல்_ஆப்ஷன்ஸ்’ அமைப்பில் ஹோஸ்ட்டைக் கொடுங்கள்: டெவலப்மென்ட் கோப்பில் லோக்கல்ஹோஸ்ட், போர்ட் 3000, புரொடக்‌ஷன் கோப்பில் உங்கள் டொமைன், புரோட்டோகால் எச்டிடிபிஎஸ். பிறகு சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள். இந்தக் கோப்புகளில் செய்த மாற்றம் அதுவரை ஏறாது.