லெப்டொப்பைக் கவிழ்த்துப் பாருங்கள்

வாங்கியவர் கேள்விகள்: இந்த வாரம் கேமிங் லெப்டொப் சூடு

நுவரெலியா வாசகர்: மகனுக்கு மூன்றரை லட்சம் ரூபாவுக்கு கேமிங் லெப்டொப் வாங்கினேன். விளையாடத் தொடங்கி இருபது நிமிடத்தில் படம் இழுத்து இழுத்து ஓடுகிறது. "உங்க ஊர்க் குளிருக்கு லெப்டொப் சூடாகவே ஆகாது, கேமில்தான் கோளாறு" என்கிறார் கடைக்காரர்.

குளிர் அறைக்குள் இருந்தால் போதாது, சிப் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். கேமின் படத்தை வரையும் கிராபிக்ஸ் சிப்பின் சூட்டைச் செப்புக் குழாய் வாங்கி ஓரத்தில் உள்ள மெல்லிய தகடுகளுக்குக் கொண்டுபோகிறது. அந்தத் தகடுகளுக்கு நடுவே பேன் காற்றை ஊதுகிறது. இதில் ஓரிடம் பிசகினாலும் நீங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் சிப்புக்கு ஒரு லாபமும் இல்லை. போதாததற்கு உங்கள் ஊர் 1,868 மீற்றர் உயரம். காற்றின் அடர்த்தி கொழும்பைவிடக் கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைவு. பேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளும் காற்று குறைவுதான். குளிர் இதை ஈடு செய்யும், ஆனால் மந்திரம் செய்யாது.

சிப்பின் சூட்டையும் வேகத்தையும் காட்ட எச்.டபிள்யூ இன்ஃபோ (HWiNFO) என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. அதைத் திறந்து வைத்து மகனை விளையாடச் சொல்லுங்கள். கிராபிக்ஸ் சூடு 87 பாகைப் பக்கம் போய் நிற்க, சூடு தாங்காமல் சிப்பின் வேகம் அதே நேரம் சரிந்தால் பழி கேமுக்கு இல்லை. போனில் வீடியோ எடுத்து, பில்லையும் கையில் பிடித்துக்கொண்டு அதே கடைக்காரரிடம் போய்க் காட்டுங்கள்.

ஹட்டன் வாசகர்: ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்ட் போட்ட இரண்டு லெப்டொப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று மெல்லிசு, அழகு. மற்றது செங்கல் மாதிரி, விலையும் நாற்பதாயிரம் குறைவு. எதை வாங்க?

செங்கலை.

ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்வேன். இந்த விஷயத்தில் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது. லெப்டொப்பில் வரும் 4060 கார்டை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் ஓடும்படி வைத்துக்கொள்ள கார்டை வடிவமைக்கும் என்விடியா நிறுவனம் லெப்டொப் செய்கிறவர்களுக்கு விட்டிருக்கிறது. வாட் குறைந்தால் வேகமும் குறையும், ஸ்டிக்கரில் மட்டும் ஒரே பெயர். முன்பாவது மெல்லிய மாடல்களின் கார்டுப் பெயரோடு மேக்ஸ்-கியூ என்று ஒரு வால் ஒட்டியிருக்கும், பார்த்ததும் விளங்கும். 2021இல் வந்த வரிசையோடு அந்த வாலையும் வெட்டிவிட்டார்கள். அதனால் கடையில் கேட்க வேண்டியது "என்ன கார்ட்?" அல்ல, "எத்தனை வாட்?" பதில் தெரியாமல் முழித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

அப்புறம், பல மெல்லிசுகளில் இடம் இல்லாததால் பிரதான சிப்புக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் ஒரே செப்புக் குழாயைப் போட்டுவிடுகிறார்கள். ஒரு பீலியில் இரண்டு லயமும் குடம் வைத்த கதைதான். ஒருவர் நிரப்பும்வரை மற்றவர் இடுப்பில் கை வைத்து நிற்க வேண்டும்.

நானும் ஒரு மெல்லிசுக்கு மயங்கியவன். இரண்டு லட்சம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து கவிழ்த்து டோர்ச் அடித்துப் பார்த்தால், அடியில் வரிசை வரிசையாக இருந்த ஓட்டைகளில் பாதிக்கு மேல் ஓட்டையே இல்லை! பிளாஸ்டிக்கில் பதித்த வெறும் குழி. பேனுக்கு நேர் கீழே இருந்த வரிசையும் அப்படியே. இரப்பர் கால்களோ மேசையோடு ஒட்டியது போல இரண்டு மில்லிமீற்றர். கடைசியில் பின்பக்கத்துக்கு இரண்டு நெருப்புப் பெட்டியை முட்டுக் கொடுத்தேன், சூடு ஏழெட்டுப் பாகை இறங்கியது. இரண்டு லட்ச ரூபாச் சாமானுக்கு நெருப்புப் பெட்டி வைத்தியம். வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

செங்கலையும் கவிழ்த்துப் பார்த்தே வாங்குங்கள். சூடான காற்று வெளியேறும் வாய்கள் பின்னால் இருந்தால், மூடியைத் திறக்கும்போது திரை வந்து அவற்றை மறைக்கிறதா என்றும் பாருங்கள்.

பண்டாரவளை வாசகர்: கட்டிலில் கம்பளிக்கு மேல் வைத்துத்தான் விளையாடுவேன், பயங்கரமாகச் சூடாகிறது. கீழே வைக்கும் கூலிங் பேட் (பேன் பூட்டிய தட்டு) வாங்கலாமா?

கம்பளியை எடுங்கள்.

பதுளை வாசகி: அம்மாவின் ஈபிஎஃப் பணத்தில், என் வீடியோ எடிட்டிங் வேலைக்கென்று, ஏற்கனவே ஒருவர் பாவித்த கேமிங் லெப்டொப் ஒன்று வாங்கினேன். ஒன்பது வாரம் ஆகிறது. ஐந்தாவது வாரம் திரையில் கோடு கோடாக வந்தது. கடையில் "சூடு காட்டி" சரி செய்தார்கள். இப்போது மறுபடி கோடு. ரீபோலிங் செய்ய 45,000 கேட்கிறார்கள். பில்லும் தரவில்லை.

தங்கச்சி, ஒரு சதமும் கொடுக்காதீர்கள். இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை.

கோடு விழும் இந்த நோய்க்கு ஒரு பழைய கதை உண்டு. 2008 ஜூலையில் என்விடியா தன் லெப்டொப் கிராபிக்ஸ் சிப்களில் வழக்கத்துக்கு மேல் பழுது வருவதாக ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டொலர் வரை ஒதுக்கியது. சிப்பை அதன் அடித்தட்டோடு பிணைக்கும் பொருள் பலவீனமாக இருந்தது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, உள்ளே இருந்த நுண்ணிய ஈயப் பொட்டுகள் விரிசல் விட்டன. இந்த மாதிரி விரிசலுக்குத்தான் சூடு காட்டும் வைத்தியம். சூட்டில் விரிசல் கொஞ்ச நாளைக்கு ஒட்டிக்கொள்ளும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி. ரீபோலிங்கில் மாற்றுவது சிப்புக்கும் போர்டுக்கும் நடுவே உள்ள ஈய உருண்டைகளை. விரிசல் சிப்புக்குள்ளே இருந்தால் அந்த 45,000 தண்ணீரில் போட்ட காசு. விற்பதற்கு முன்பே ஒரு தடவை சூடு காட்டியிருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது கடைக்காரரின் கடமை. எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் என்றாலும் பரவாயில்லை. அந்த அதிகார சபைக்கு எழுத்துமூலம் முறையிட, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். உங்களுக்கு இன்னும் மூன்று நான்கு வாரம் இருக்கிறது. சபையின் 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்து விவரம் கேட்டுவிட்டு, இந்த வாரமே கடிதத்தைப் பதிவுத் தபாலில் போடுங்கள். பணம் அனுப்பிய வங்கிச் சீட்டு, கடையோடு பேசிய செய்திகள், கோடு விழுந்த திரையின் படம் எல்லாவற்றுக்கும் பிரதி இணையுங்கள். பதில் வந்ததும் எனக்கும் எழுதுங்கள்.

மஸ்கெலியா வாசகர்: யூடியூப் பார்த்து நானே கழற்றி, சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்டை மாற்றினேன். சூடு கடத்தும் பழைய பேட் கிழிந்ததால் கடையில் கிடைத்த தடிப்பான பேட் வைத்தேன். முன்னைவிடச் சூடாகிறது. வொரண்டியில் கொடுக்கலாமா?

வொரண்டி இருக்கும்போதே ஏன் தம்பி கழற்றினீர்கள்? அந்த பேட் மெமரிச் சிப்களுக்கு மேல் உட்காருவது. அரை மில்லிமீற்றர் தடித்தாலும், சிப்களின் சூட்டை வாங்கும் செப்புத் தகட்டைத் தூக்கிவிடும். பிறகு நடுவில் உள்ள கிராபிக்ஸ் சிப்பைத் தகடு சரியாகத் தொடாது. பழைய அளவிலேயே பேட் வாங்கி மாற்றுங்கள். வொரண்டிக்குக் கொண்டுபோனால் கழற்றியதை மறைக்காமல் சொல்லுங்கள். திருகாணியைப் பார்த்தாலே அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இராகலை வாசகர்: வாங்கி இரண்டு வருடம். பேன் கத்துகிறது, சூடும் கூடிவிட்டது. வெளியே தினமும் துடைக்கிறேன்.

வீட்டில் விறகடுப்பா? போன மாதம் எங்கள் பக்கத்து லயத்துப் பையனின் லெப்டொப்பைத் திறந்தோம். பேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே கரியும் தூசியும் சேர்ந்து, கறுப்புக் கம்பளித் துண்டு போலக் கெட்டியாக உட்கார்ந்திருந்தது. ஊசியால் நெம்பினால் ஒரே துண்டாக வந்தது. வெளியிலிருந்து எவ்வளவு துடைத்தாலும் அந்த இடத்துக்குக் கை போகாது. பேனைக் கழற்றாமல் அங்கே எட்ட முடியாதபடி வடிவமைத்தவரை என்ன சொல்வது? தெரிந்த ரிப்பேர் பாஸிடம் கொடுத்துத் திறந்து சுத்தம் செய்யுங்கள். காற்று ஊதும்போது பேன் சுற்றாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.