பெடலை மிதிக்காமலே ஒலி நீள்கிறதே?

கேள்வி: பழைய 61 கீ கீபோர்டு ஒன்றை சஸ்டெயின் பெடலோடு (மிதித்திருக்கும்வரை ஒலியை நீளவைக்கும் பெடல்) வாங்கினேன். பத்து நிமிடம் ஒழுங்காக வேலை செய்கிறது. பிறகு காலை எடுத்தாலும் ஒலி நிற்பதில்லை. ஆஃப் செய்து மறுபடி போட்டால் சில சமயம் தலைகீழாகிவிடுகிறது. மிதித்தால் நிற்கிறது, விட்டால் நீள்கிறது. விற்றவர் 'உள்ளே சர்க்யூட் போர்டு போயிருக்கும்' என்கிறார். என்ன செய்யலாம்?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: போர்டில் கை வைக்காதீர்கள். நீங்கள் சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஒயர் பழுதின் அறிகுறிகள்.

சாதாரண பெடலுக்குள் இருப்பது ஒரு சுவிட்ச் மட்டுமே. சில கம்பெனிப் பெடலில் மிதித்தால் இணைப்பு சேரும், சிலவற்றில் மிதித்தால் பிரியும். இதனால் பல கீபோர்டுகள், ஆன் செய்யும் நொடியில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே 'கால் வைக்காத நிலை' என்று எடுத்துக்கொள்கின்றன. உங்களுடையது மிதித்தால் பிரியும் வகை என்று வைத்துக்கொள்வோம். வாசிக்கும்போது ஒயர் உள்ளே விட்டுப்போனால், கீபோர்டுக்கு அது மிதித்த மாதிரிதான். விட்டுப்போன நிலையிலேயே ஆஃப் செய்து போட்டால், அதுவே புதிய தொடக்க நிலையாகிறது. ஒயர் மறுபடி தொட்டதும் எல்லாம் தலைகீழ்.

முதலில் பெடலைப் பிடுங்கிவிட்டு ஆன் செய்து வாசியுங்கள். அப்போதும் ஒலி நீண்டால், பேனலிலோ மெனுவிலோ உள்ள சஸ்டெயின் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய கீபோர்டில் முன்பு வைத்திருந்தவர் செய்த செட்டிங் அப்படியே கிடப்பது சகஜம்.

அடுத்து மல்டிமீட்டரை பீப் நிலையில் (இணைப்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்து, ஒரு முனையைப் பெடல் ஒயரில் உள்ள, கீபோர்டில் சொருகும் பின்னின் நுனியிலும் மற்றதை அதன் உடலிலும் வையுங்கள். மிதித்து விடும்போது பீப் ஒழுங்காக வந்து போக வேண்டும். பீப் வரும் நிலையில் நிறுத்தி, பின்னின் கழுத்தையும், பெடலுக்குள் ஒயர் நுழையும் இடத்தையும் வளைத்துப் பாருங்கள். ஒயர் அறுவது பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான். பீப் விட்டுவிட்டு வந்தால் அந்த இடத்திலிருந்து 4, 5 செ.மீ. தள்ளி வெட்டி, புதிய 6.35 மி.மீ. மோனோ பின் சால்டர் செய்யுங்கள். வெறும் சுவிட்ச் என்பதால் இரண்டு கம்பிகளும் இடம் மாறினாலும் பாதகமில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் இந்தப் பின் எளிதாகக் கிடைக்கும்.

ஒயர் நன்றாக இருந்தும் ஓம் அளவு 1, 2-க்குள் நிற்காமல் ஏறி இறங்கினால், உள்ளே உள்ள உலோகத் தகடுகளில் கறை படிந்திருக்கிறது. விசிட்டிங் கார்டைக் கீற்றாக வெட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, தகடுகளுக்கு நடுவே நாலைந்து முறை இழுங்கள். ரப்பருக்கு அடியில் கறுப்புக் கார்பன் பூச்சு உள்ள பெடலானால் பஞ்சால் மெல்லத் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டால் பூச்சே போய்விடும். தேங்காய் எண்ணெயும் கூடாது.

பெடலில் குறையே இல்லையென்றால், கீபோர்டில் பெடலைச் சொருகும் துளையான ஜாக்கைச் சோதியுங்கள். கிட்டார் கேபிள் ஒன்றைச் சொருகி ஆன் செய்து, மறுமுனையின் நுனியையும் உடலையும் ஸ்க்ரூ டிரைவரால் சேர்த்துப் பிடியுங்கள். சேர்க்கும்போதும் எடுக்கும்போதும் சஸ்டெயின் மாற வேண்டும். மாறாவிட்டால்தான் கீபோர்டைத் திறக்கும் வேலை. கால் இடறி ஒயர் இழுபட்டு இழுபட்டு, ஜாக் கால்களின் ஈயத்தில் வட்டமாக மெல்லிய விரிசல் விழுந்திருக்கும். அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, 25 வாட் சால்டரிங் அயர்னால் சூடுகாட்டிக் கொஞ்சம் புது ஈயம் விடுங்கள்.

கேள்வி: வேறு கம்பெனிப் பெடல் வாங்கினேன். எப்போதும் எதிர்மாறாகவே வேலை செய்கிறது. திருப்பிக் கொடுக்கவா?
— வாசகி, திருச்சி

பதில்: வேண்டாம். பெடலைச் சொருகிவிட்டு, காலை அதன்மேல் வைக்காமல் கீபோர்டை ஆன் செய்யுங்கள். ஆன் ஆன பிறகு சொருகுவதே பலர் செய்யும் தவறு. சரியாகாவிட்டால் பெடலின் அடியில் சிறு நகரும் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து, அதை மாற்றி வைத்து மறுபடி ஆன் செய்யுங்கள். சில கீபோர்டுகளில் மெனுவிலும் இந்த மாற்றம் உண்டு.

கேள்வி: பெடல் நன்றாகத்தான் இருக்கிறது. ரிதம் போட்டு வாசித்தால் மட்டும் நீளும் ஸ்வரங்கள் நடுவில் அறுகின்றன. ஏன்?
— வாசகர், ஈரோடு

பதில்: இது பெடல் பழுதல்ல. 32 பாலிஃபனி உள்ள கீபோர்டு ஒரே நேரத்தில் 32 ஒலிகளை மட்டுமே தாங்கும். ரிதம், பேஸ், கார்டு எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும். இரண்டு டோன் சேர்த்து வாசித்தால் ஒவ்வொரு கீக்கும் இரண்டு போகும். பெடல் பிடித்திருக்கும்வரை பழைய ஸ்வரங்களும் இடத்தை விடாது. இடம் நிரம்பியதும் முந்தைய ஸ்வரங்கள் வெட்டப்படுகின்றன. டூயல் டோனை அணைத்துவிட்டு, கார்டு மாறும் இடத்தில் பெடலை விட்டு மறுபடி மிதியுங்கள்.