லோகி உண்மையில் தோரின் தம்பியா?

மார்வெல் படங்களில் தோரும் லோகியும் அண்ணன் தம்பி. இவர்கள் முதலில் தோன்றிய நார்ஸ் (பழைய ஸ்காண்டிநேவிய) புராணத்திலும் அப்படித்தானா என்பது கேள்வி. இல்லை. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தில் ஏட்டில் ஏறிய ‘எட்டா’ (Edda) என்ற பழம்பாடல்களின்படி, லோகி தோரின் தந்தையான ஓடின் என்ற கடவுளோடு இரத்தம் கலந்து சகோதரன் ஆனவன். நம் முறைப்படி தோருக்குச் சித்தப்பா! வளர்ப்புத் தம்பி என்பது 1962இல் தோரைக் கொண்டுவந்த மார்வெல் காமிக்ஸின் கைவண்ணம். 2017இல் வந்த படத்தில் தோரின் அக்காவாக வரும் ஹெலாவும் மூலத்தில் லோகியின் மகள்.

தகுதியுள்ளவர்தான் தோரின் ஆயுதமான சுத்தியலைத் தூக்க முடியும் என்பதும் காமிக்ஸ் சேர்த்ததே. பழைய பாடலில் த்ரிம் என்ற அரக்கன் அதைத் திருடிப் புதைத்துவிட்டு, ஃப்ரேயா தேவியை மணமுடித்துக் கொடுத்தால்தான் தருவேன் என்கிறான். முக்காடிட்ட மணப்பெண்ணாகப் போவது தோர். விருந்தில் அந்த ‘மணப்பெண்’ ஒரு முழுக் காளையையும் எட்டு சால்மன் மீன்களையும் தின்றுதீர்க்க, மாப்பிள்ளை மிரண்டுபோகிறான். “உங்களை நினைத்து எட்டு இரவுகளாகப் பட்டினி” என்று சமாளிப்பது, தோழி வேடத்தில் வந்த லோகி. எந்தச் சண்டைக் காட்சியையும்விட எனக்கு இதுதான் பிடிக்கும். மணமகளை வாழ்த்தச் சுத்தியலைக் கொண்டுவந்து மடியில் வைத்ததும் த்ரிம்மின் கதை முடிகிறது.