‘சிஸ் சலுகை’ என்று எழுதலாமா?

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். ஊழியர் கையேட்டில் வந்த ‘சிஸ்ஜெண்டர் பிரிவிலேஜ்’ என்பதை ‘சிஸ் சலுகை’ என்று தமிழாக்கினேன். “தினமும் 100ஆம் நம்பர் பஸ்ஸில் நசுங்கி வாறன், எனக்கென்ன சலுகை?” என்று ஒரு அண்ணா கோபப்பட்டார். எப்படி எழுதுவது?

பதில்: அந்த அண்ணாவின் கோபம் நியாயமானது. சலுகை என்றால் யாரோ இரங்கிக் கொடுப்பது, கட்டணச் சலுகை மாதிரி. ‘சிறப்புரிமை’ என்றாலோ நமக்கு பாராளுமன்றம்தான் ஞாபகம் வரும். நான் ‘சிஸ் அனுகூலம்’ என்றே எழுதுவேன்.

‘சிஸ்’ என்பது ‘இந்தப் பக்கம்’ என்று பொருள்படும் லத்தீன் முன்னொட்டு. ‘டிரான்ஸ்’ என்றால் அந்தப் பக்கம், கடந்து. பிறந்தபோது பதிந்த பாலினமும் தான் உணரும் பாலினமும் ஒன்றாக இருப்பவர் சிஸ். யார்மேல் ஈர்ப்பு என்பது வேறு விஷயம், அதை இதோடு குழப்ப வேண்டாம்.

சரி, அனுகூலம் எங்கே இருக்கிறது? உங்கள் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். 12 இலக்க எண்ணில் முதல் நான்கு பிறந்த வருடம், அடுத்த மூன்று வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அந்த நாளோடு 500 கூட்டுவார்கள். ஜனவரி 1இல் பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501. இந்த எண்ணை வங்கியில் நீட்டும்போது நானோ நீங்களோ ஒரு நொடிகூட யோசிப்பதில்லை. முகம் ஒரு பாலினத்தையும் எண் இன்னொரு பாலினத்தையும் காட்டும் திருநங்கைக்கு ஒவ்வொரு கவுன்டரும் ஒரு விசாரணை. 2016 முதல் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்று பிறப்புச் சான்றிதழைத் திருத்த வழி இருக்கிறது. ஆனால் அதற்கு மனநல மருத்துவரிடம் போய்த்தான் தன்னை நிரூபிக்க வேண்டும். சிஸ் ஆளிடம் அப்படி யாரும் கேட்பதில்லை.

சோதனைச் சாவடியில் ஐசியை (அடையாள அட்டையை) நீட்டிவிட்டு நெஞ்சு படபடக்க நின்ற தமிழருக்கு இதை விளக்க அதிக நேரம் எடுக்காது. அந்த அண்ணாவிடமும் இங்கிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். அவர் பஸ்ஸில் படும் பாடு உண்மை. அதை இந்தச் சொல் மறுக்கவில்லை. பாலினத்தால் மட்டும் அவருக்குக் கூடுதல் தொல்லை இல்லை என்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம், “நீ சிஸ், உனக்கு விளங்காது” என்று ஆளைக் குத்த இந்தச் சொல்லை எடுக்காதீர்கள். கையேட்டில் இப்படிப் போடலாம்: “சிஸ் ஊழியர் ஒருவர் எந்தக் கழிப்பறைக்குப் போவது என்று யோசிக்கத் தேவையில்லை. இதுவே சிஸ் அனுகூலம்.”