பனிமலை லிஃப்டில் ஏறும் முன்: கேள்வி பதில்

விடுமுறைக் காலம் நெருங்குவதால் பனிச்சறுக்கு லிஃப்டுகளின், அதாவது வடத்தில் தொங்கியபடி ஆட்களை மலைமேல் ஏற்றிச் செல்லும் நாற்காலிகள், பெட்டிகளின் பாதுகாப்பைப் பற்றி உறுப்பினர்கள் கேட்டிருந்த கேள்விகளுக்கு, அவற்றின் பராமரிப்புப் பணியில் பல ஆண்டுகள் இருந்த உறுப்பினர் ஒருவர் எழுதிய பதில்கள் இவை.

கேள்வி: ஐயா, லிஃப்டில் உட்கார்ந்ததுமே வடம் அறுந்துவிடுமோ என்ற நினைப்புதான் வருகிறது. இந்தப் பயம் நியாயமானதா?

பதில்: பயம் இயல்பானதுதான். ஆனால் வடம் பல எஃகுக் கம்பிகளை முறுக்கிச் செய்யப்பட்டது என்பதால், ஓரிரு கம்பிகள் அறுந்த மாத்திரத்தில் முழு வடமும் அறுந்துவிடாது. கண்ணுக்குத் தெரியாத உட்சேதத்தைக் காந்தப்புலத்தின் உதவியால் கண்டுபிடிக்கும் சோதனையும் உண்டு.

அப்படியும் 2021 மே 23 அன்று இத்தாலியின் மொத்தரோனே மலையில் கேபிள் காரின் இழுவை வடம் அறுந்து 14 பேர் இறந்தார்கள். ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் மட்டும் பிழைத்தான். அந்தப் பெட்டி மேல் நிலையத்தை ஏறக்குறைய எட்டிவிட்டிருந்தது. இழுவை வடம் அறுந்தால், பெட்டியைச் சுமக்கும் மற்றொரு வடத்தை அவசரகால பிரேக் உடனே இறுகப் பற்றி நிறுத்தியிருக்க வேண்டும். அந்த பிரேக் கோளாறினால் அடிக்கடி தானாகப் பிடித்துச் சேவையைத் தடைப்படுத்தியதால், அது இயங்காதபடி சிவப்பு நிற இரும்புக் கவ்வி ஒன்றை மாட்டி வைத்திருந்தார்கள்.

1976 மார்ச் 9 அன்று அதே நாட்டின் கவலேசே என்ற ஊரில் 43 பேர் இறந்த விபத்திலும் இதே கதைதான்: வடங்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டபோது தானியங்கிப் பாதுகாப்பு அமைப்பு லிஃப்டை நிறுத்தியது, அதை மீறி மீண்டும் ஓட்டினார்கள். இரண்டுக்கும் இடையே 45 ஆண்டுகள். இரண்டு இடத்திலும் ஆபத்தைத் தடுக்க வைத்த கருவியை வாயடைத்தது மனிதக் கைதான் என்பது எனக்கு இன்றுவரை ஆறாத வேதனை.

கேள்வி: அப்படியானால் சாதாரணப் பயணி எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: ஏறும் இடத்திலும் இறங்கும் இடத்திலும். முதுகுப்பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். தொங்கும் வார், கழுத்துத் துணி, தளர்ந்த மேலங்கி எல்லாவற்றையும் உள்ளே செருகுங்கள். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள அரபாஹோ பேசின் என்ற இடத்தில், இறங்க முயன்ற ஒருவரின் பை நாற்காலியில் மாட்டிக்கொள்ள, அதன் வார் கழுத்தை இறுக்கியபடி அவர் அந்தரத்தில் தொங்கினார். கயிற்றின் மேல் நடந்து பழகிய இளைஞர் ஒருவர் கோபுரத்தில் ஏறி, வடத்தின் மீதே நகர்ந்து வந்து, கீழிருந்து வீசப்பட்ட கத்தியால் வாரை அறுத்து அவரைக் காப்பாற்றினார். எல்லா நாளும் அப்படியொருவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

கேள்வி: குழந்தையுடன் ஏறும்போது நாற்காலியின் முன்பக்கத் தடுப்புக் கம்பியை இறக்குவது கட்டாயமா?

பதில்: இடத்துக்கு இடம் விதி வேறுபடும், அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் சட்டப்படி கட்டாயம், கொலராடோவில் அப்படியொரு சட்டம் இல்லை. சட்டம் எதுவானாலும் உட்கார்ந்தவுடன் இறக்கிவிடுங்கள். குழந்தையின் முதுகு நாற்காலியின் பின்பக்கத்தில் நன்றாகச் சாய்ந்திருக்கட்டும். சிறு உடம்பு கம்பிக்கு அடியிலும் வழுக்கிவிடும் என்பதால், கம்பியை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: நாற்காலிகள் பின்னோக்கி ஓடிப் பயணிகளைத் தூக்கி எறிந்த காணொளியைப் பார்த்ததிலிருந்து தூக்கமே இல்லை. அது எப்படி நடந்தது?

பதில்: 2018 மார்ச் 16 அன்று ஜார்ஜியா நாட்டின் குதௌரியில் நடந்தது அது. மேலே ஏறும் நாற்காலிகளின் எடை வடத்தைக் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். மோட்டாரும் பிரேக்குகளும்தான் அதைத் தாங்குகின்றன. அங்கே மின்சாரம் தடைப்பட்ட பிறகு பணியாளர்கள் உரிய ஒழுங்குமுறையைப் பின்பற்றவில்லை என்று விசாரணையில் தெரியவந்தது. பலர் காயமடைந்தாலும் உயிரிழப்பு இல்லை. நாற்காலிகள் கீழ் நிலையத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நொறுங்கிக் குவிந்தன. தரை எட்டும் உயரம் வந்ததும், அந்தக் குவியலை அடையும் முன் பக்கவாட்டில் குதித்தவர்கள் தப்பினார்கள். உயரமான இடத்திலிருந்து மட்டும் எக்காரணம் கொண்டும் குதிக்கக் கூடாது.

கேள்வி: நடுவழியில் நின்றுவிட்டால்?

பதில்: அசையாமல் காத்திருங்கள். பெரும்பாலும் மாற்று எஞ்சினால் மெதுவாக நிலையத்துக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். முடியாவிட்டால் மீட்புக் குழுவினர் ஒவ்வொருவராகக் கயிற்றில் இறக்குவார்கள். 2016 செப்டம்பரில் பிரான்ஸ்-இத்தாலி எல்லையிலுள்ள மோன் பிளாங்க் மலைப்பகுதியில் வடங்கள் சிக்கி 110 பேர் அந்தரத்தில் மாட்டிக்கொண்டபோது, முப்பதுக்கும் மேற்பட்டோர் இரவு முழுவதும் பெட்டிகளிலேயே இருந்து மறுநாள் மீட்கப்பட்டார்கள். அதனால் வெயில் நாளானாலும் கையுறையும் கனத்த உடையும் உடன் இருக்கட்டும்.

கேள்வி: விபத்துச் செய்தி வந்தால், “இவ்வளவு செலவு செய்து அங்கே போய்ச் சாக வேண்டுமா” என்று எழுதுகிறார்களே, அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

பதில்: மனம் நோகிறது. பயணச்சீட்டு வாங்கியவர்கள், தம் உயிரைப் பொறுப்பானவர்களிடம் ஒப்படைத்ததைத் தவிர வேறு எந்தத் தவறும் செய்யவில்லை. மொத்தரோனே விபத்து நடந்து சில வாரங்களிலேயே, பெட்டி விழும் கண்காணிப்புக் காட்சி தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. இறந்தவர்களின் குடும்பங்கள் அதை எப்படிப் பார்த்திருக்கும் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். மறுபுறம், ஆஸ்திரியாவின் காப்ரூனில் 2000 நவம்பர் 11 அன்று பனிச்சறுக்கு வீரர்களை ஏற்றிச் சென்ற மலை ரயில் சுரங்கப்பாதையில் தீப்பற்றி 155 பேர் இறந்த வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட 16 பேரும் 2004-இல் விடுவிக்கப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கோபப்பட நினைப்பவர்கள், எந்தக் கருவி ஏன் செயல்படவில்லை என்று கேட்டுக் கோபப்படட்டும்.

கேள்வி: காற்று அதிகம் என்று லிஃப்டை நிறுத்தி, பாதி விடுமுறையை வீணாக்கிவிடுகிறார்கள். இது தேவைதானா?

பதில்: தேவைதான். 2017 ஜூனில் காஷ்மீரின் குல்மார்க்கில் பலத்த காற்றில் மரம் ஒன்று சாய்ந்து கேபிள் கார்மீது விழுந்ததில் ஏழு பேர் இறந்தார்கள். நான் பணியில் இருந்தபோது ஒரு நாள், காற்றின் வேகம் கூடியதால் இரண்டு மணி நேரம் லிஃப்டை நிறுத்தி வைத்திருந்தேன். இரண்டு பிள்ளைகளின் கையைப் பிடித்தபடி வரிசையின் முன்னால் நின்றிருந்த ஒருவர் கண்ணாடிச் சன்னலைத் தட்டித் தட்டி என்னைத் திட்டினார். வரிசையே அவரோடு சேர்ந்துகொண்டது. முகப்பில் இருந்த காற்றுமானி சிவப்பிலிருந்து இறங்கவே இல்லை. திட்டு வாங்கிய அந்த இரண்டு மணி நேரமும், இயக்கும் பொத்தான் பக்கம் என் கை போகாமல் இருக்க, இரு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.